கணக்கு சார் வாயைக் கட்டிக்கொண்ட வகுப்பு

கணக்கு சாரின் வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் சத்தம் கேட்கும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பலகை நிறையக் கணக்குப் போடுவார், பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள், மணி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே ஓட்டம்தான்.

வீட்டில் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. மனைவியும் ஆசிரியைதான். இப்போது பள்ளி பள்ளியாகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து, பேசி, கேட்டுப் படிக்க வேண்டும் என்பது புதுத் திட்டம். அடுத்து தன் பள்ளிக்கே அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, ஒரே ஒரு பீரியட் நீங்க பேசாம இருந்து பாருங்களேன்."

"நான் பேசலன்னா யாரு பாடம் நடத்துறது? பெஞ்சா?"

"வீட்ல பேசாமதான இருக்கீங்க? இங்க எது நின்னு போச்சு?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கே வந்து பாரு!" என்றார்.

மறுநாள் வகுப்பில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாகத் திருப்பிப் போட்டிருந்தார். மனைவி உள்ளே வந்து, "வணக்கம் சார்" என்றாள். இருவரும் கணவன் மனைவி என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சார் ஒரு காலி பெயிண்ட் டப்பாவையும் அளவு டேப்பையும் மேசைமேல் வைத்தார். "இந்த ரூம் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கணும். ஒரு டப்பா எவ்வளவு இடத்துக்கு வரும்னு மேலயே போட்டிருக்கு. எத்தனை டப்பா வேணும்? நீங்களே கண்டுபிடிங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஒருவன் பெஞ்ச் மேல் ஏறினான். டேப்புக்கு இழுபறி. பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர் எட்டிப் பார்த்து, "உங்க சார் இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்.

"இங்கதான் இருக்கேன் டீச்சர்," என்றார் சார் பரிதாபமாக.

ஒரு கூட்டம் நீளத்தையும் உயரத்தையும் பெருக்காமல் கூட்டிக்கொண்டிருந்தது. சாருக்குக் கை துறுதுறுத்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஓர் இருமல் வந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல். வகுப்பே 'மௌனச்சாமி' என்று கூப்பிடும் பெண்; வருகைப் பதிவுக்குத் தவிர அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"கரும்பலகைக்கும் பெயிண்ட் அடிக்கப் போறோமா சார்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, ஜன்னல்!"

"கதவையும் விட்டுட்டோம்டா! முதல்லேர்ந்து போடு!"

சார் தான் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த விடையை நினைத்துப் பார்த்தார். அவரும் எதையும் கழிக்கவில்லை! மறைத்திருக்கலாம். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் தப்பாத்தாம்மா போட்டேன். நீயே வந்து எல்லாருக்கும் சொல்லு."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். மௌனச்சாமி பலகையில் சுவரை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்தாள். கூட்டிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, ஏன் பெருக்க வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

சார் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சில நாள் பழையபடி பலகையை நிரப்புவார். "சார், நாங்க கொஞ்சம் பேசிப் பாக்கட்டுமா?" என்று பிள்ளைகளே கேட்டு நிறுத்துவார்கள். மௌனச்சாமியிடமோ, மற்றவர்களையும் பேச விடும்படி கெஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் அறிவியல் டீச்சரே வந்து, நிழலை வைத்து மரத்தின் உயரம் காண இரண்டு வகுப்பையும் சேர்த்து வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டார். கொளுத்தும் வெயிலில், டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் சொன்ன இடத்திலெல்லாம் போய் நின்றார் கணக்கு சார்.