இருநூற்றெண்பது வயது ரிலே

யூயிங் ஒன்பது வயதில் நீந்தத் தொடங்கியவள். முப்பத்தொரு வயதில் பட்டர்ஃப்ளை முறையில் நீந்தி வலது தோளைக் கெடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் தபால் ஆபீசில் ஓய்வு பெறும்வரைக்கும், பெற்ற பிறகும், அவள் தோளில் ஒரு சுளுக்குகூட விழுந்ததில்லை.

ஜியாயி நகராட்சி நீச்சல்குளத்துக்கு விடிகாலையில் போனால் அவளைப் பார்க்கலாம். நாங்கள் குதித்து நான்கு சுற்று முடித்திருப்போம். அவள் இன்னும் கரையில் தோள் பயிற்சிக்காகக் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி இழுத்துக்கொண்டிருப்பாள்.

"தோளுக்கு ஊதுபத்தி காட்டியாச்சா?" என்று ஆதுவான் அக்கா தண்ணீரிலிருந்து கத்துவாள்.

"நீங்களும் வந்து பத்து நிமிஷம் இழுங்கக்கா."

"கடையில தோசைக்கல்லோட மல்லுக்கட்டிட்டுதானே வர்றேன், அது போதாதா!"

ஆதுவான் அக்கா காலை உணவுக் கடை வைத்திருந்தாள். முட்டை ரொட்டி, சோயா பால். அறுபத்தைந்து வயதில் அவளைக் குளத்துக்கு இழுத்து வந்ததே யூயிங்தான்.

அந்த வருடம் முதியோர் ரிலேயில் எங்கள் பிரிவுக்கு, அணியின் நால்வர் வயதையும் கூட்டினால் இருநூற்றெண்பதாவது வரவேண்டும். யூயிங்குக்கு அறுபத்தாறு, எனக்கு அறுபத்தெட்டு, பாவ்ஜுவுக்கு எழுபத்து நாலு, ஆதுவான் அக்காவுக்கு எழுபத்து மூன்று. ஒன்றே ஒன்றுதான் கூடுதல். அக்கா விலகினால் அவள் இடத்துக்கு அடுத்து இருந்தவளுக்கு அறுபத்தொன்றுதான். கூட்டுத்தொகை குறைந்து, எங்களைவிட இளையவர்களின் பிரிவில் மோத வேண்டியிருக்கும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, உடைமாற்றும் அறையில் அக்கா சொன்னாள்: "கையை முன்னால போடறப்ப வலது தோள்ல என்னமோ மாட்டுது யூயிங். அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவும் முடியலை."

யூயிங் துண்டை மடித்தபடியே, "வயசான தோள் அப்படித்தான் இருக்கும்கா. நீந்த நீந்தச் சரியாயிடும்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். தனக்கு வலித்திருந்தால் அவள் அந்த நிமிஷமே நீச்சலை நிறுத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தலைமுடியைக் காயவைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

போட்டியில் அக்கா மூன்றாவதாக நீந்தினாள். கடைசிப் பத்து மீட்டர் இடது கையாலேயே வந்து சுவரைத் தொட்டாள். எங்களுக்கு இரண்டாம் இடம். பதக்கம் போட வந்தவர்களோடு அவளால் கைகுலுக்க முடியவில்லை; வலது கை தொங்கியது.

தசைநார் முழுசாக அறுந்துவிட்டது, இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். கடையை மருமகள் எடுத்துக்கொண்டாள்.

பதினொரு நாள் யூயிங் குளத்துக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அக்கா இடது கையால் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன அந்த வலி முன்னாடி எனக்கும் வந்திருக்கு. அது எங்கே கொண்டுபோய் விடும்னு எனக்குத் தெரியும்."

அக்கா நிமிர்ந்தாள். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா. உங்க வயசு வேண்டியிருந்துச்சு."

"அன்னிக்கு அவ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சுக்கா" என்றேன் நான். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த முட்டையை எடுத்து உரித்து, ஓட்டைத் தட்டில் போட்டாள். யூயிங் அழுதாள்.

"அழுதா நார் ஒட்டுமா?" என்றாள் அக்கா. "உன் தோளுக்கு என்னென்ன பண்ணுவியோ, அத்தனையும் என் தோளுக்குப் பண்ணு. மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

மறுநாளிலிருந்து யூயிங் நீந்தவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்ததை எழுதி வைத்துக்கொண்டு, ஆழமில்லாத பக்கத்தில் அக்காவின் முழங்கையைத் தாங்கி, அங்குலம் அங்குலமாகக் கையை உயர்த்தினாள். பத்து மாதத்தில் அது காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. அக்கா இப்போது மல்லாந்து, காலை மட்டும் உதைத்து நீந்துகிறாள்.

யூயிங் மறுபடி எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. யாராவது தோளைத் தடவினால் போதும், "வெளியே வா!" என்று குளமே அதிரக் கத்துவாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அக்கா இன்றுவரை சொல்லவில்லை. யூயிங்கும் கேட்கவில்லை. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் வருகிறார்கள். அக்காவின் தலையில் நீச்சல் தொப்பியை மாட்டிவிடுவது யூயிங்தான்.