அக்காவுக்காக ஒரு புகார் அட்டை

என் சித்தப்பாவுக்குத் தெருவில் 'மிஸ்டு கால்' என்று பெயர். அழைப்பார், எடுப்பதற்குள் வைத்துவிடுவார். நேரில் பேசினாலும் ஏறக்குறைய அதே கதைதான். "சாப்பாடு?" என்றால் சாப்பாடு தயாரா என்று பொருள். "சட்டை?" என்றால் நீலச் சட்டையை இஸ்திரி போட்டாயிற்றா, போட்டிருந்தால் எங்கே மாட்டியிருக்கிறாய் என்று பொருள். மிச்சத்தையெல்லாம் சித்திதான் இட்டு நிரப்ப வேண்டும். இருபத்தேழு வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார். நான் வாசிக்கும் கவிஞர்கள்கூட வாசகரை இந்த அளவு நம்புவதில்லை.

தொழில், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது. வேடிக்கை என்னவென்றால், தொழில் என்று வந்துவிட்டால் மனிதர் ஆளே மாறிவிடுவார். யாராவது போன் செய்து, "மெஷின் ஓடலீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஓடலன்னா? தண்ணி ஏறுதா? ஏறி நிக்குதா? சுத்த ஆரம்பிச்சு நிக்குதா? சத்தம் வருதா? எப்போலேர்ந்து?"

ஒருமுறை இப்படிக் கேட்காமல், பையைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி ஏறியிருக்கிறார். மெஷினின் பிளக்கே சொருகப்படவில்லை. அந்த வீட்டம்மா, "அதையும் நாங்களே பாக்கணுமா?" என்று கேட்டாராம். மறுநாளே அச்சகத்துக்குப் போய் மஞ்சள் அட்டையில் ஆறு கேள்விகளை அச்சடித்து வந்துவிட்டார். அந்தப் புகார் அட்டையை நிரப்பாதவர் வீட்டில் அவர் ஸ்க்ரூடிரைவரை வெளியில் எடுக்க மாட்டார்.

"மெஷினுக்கு வாய் கிடையாது. ஆளுங்களுக்கு இருக்குல்ல?" என்பார். தொழில் விசாரணையை விட்டால், அவர் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்ட மிக நீளமான வசனம் அதுதான்.

அத்தை விஷயத்தில் மட்டும் அட்டையை மறந்துவிட்டார்.

அத்தை அவருடைய ஒரே அக்கா. மாமா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டு மெஷின் நின்றுவிட்டது என்று தம்பியைக் கூப்பிட்டார். சித்தப்பா போனார், பின்மூடியைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார். "குப்பை. தூக்கிப் போடு" என்றார். அடுத்த வீட்டில் வேலை இருந்ததால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசுவதில்லை. பதினோரு மாதம். சித்தப்பாவும் இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரை போய், அழைப்பு மணியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வாசலிலும் மிஸ்டு கால். அக்கா ஏன் இவ்வளவு கோபப்படுகிறார் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. மெஷின் உண்மையிலேயே குப்பைதான், அதை இயக்கும் மின்சுற்றுப் போர்டு கருகிவிட்டது, அந்த மாடலுக்குப் புது போர்டு வருவதும் நின்றுவிட்டது. இதில் என்ன தப்பு என்பது அவர் கட்சி.

இப்போது அத்தை மகனிடமே போய்விடுவதாக முடிவு. இரண்டு நாள் ரயில் பயணம். சனிக்கிழமை காலை சாமான் வண்டி வருகிறது. வியாழக்கிழமை காலை, மாடியறையிலிருந்த என்னைச் சித்தப்பா கூப்பிட்டார். போனை நீட்டினார்.

"அந்த ஏஐ. லெட்டர் எழுதுமாமே."

"எழுதும் சித்தப்பா. என்ன வேணும்னு சொன்னா எழுதும்."

கூடத்து மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினார்: 'மன்னிப்பு கடிதம்.'

அது மின்னலாக எழுதிக் கொடுத்தது. 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, நேற்று பணிக்குத் தாமதமாக வந்தமைக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்.'

"நான் எங்கடா லேட்டா போனேன்?" என்று என்னைப் பார்த்தார். பிறகு 'அக்காவுக்கு' என்று சேர்த்தார்.

'அன்புள்ள அக்கா, உன் பிறந்தநாளை மறந்தது என் வாழ்வின் மிகப் பெரிய பிழை...'

"பொறந்த நாள் இல்ல" என்று வாயால் சொல்லிக்கொண்டே அதையே தட்டினார். யோசித்து, 'மெஷின்' என்று இன்னொரு சொல்லையும் போட்டார். அதுவே பெரிய உபயம்.

இந்த முறை கடிதம் இப்படி ஆரம்பித்தது: 'எங்கள் நிறுவனத்தின் மதிப்புமிக்க வாடிக்கையாளரான அக்கா அவர்களுக்கு.'

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியோடு வெளியே வந்துவிட்டார்.

"பாவங்க அது. இருபத்தேழு வருஷமா நான் பட்ட பாட்டை ஒரே காலையில படுது."

"நீ சும்மா இரு."

"நானாவது உங்க மூஞ்சியப் பாத்து கண்டுபிடிச்சுக்குவேன். அதுக்கு மூஞ்சியும் தெரியல."

அதற்குள் போன் பணிவாக, இன்னும் சற்று விவரம் தர முடியுமா என்று கேட்டது. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. போனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இது ஓடல."

சித்தி விடவில்லை. கத்தி பிடித்த கையை இடுப்பில் ஊன்றி, சித்தப்பாவின் தொழில் குரலிலேயே ஆரம்பித்தார்.

"ஓடலன்னா? எப்போலேர்ந்து ஓடல? அப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? இதுக்கு முன்னாடி யாரு கை வெச்சது?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. சித்தப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் வாய் இருக்கிறது, ஆனால் அக்காவைத் தெரியாது, அவரைத் தெரியாது, அந்த மெஷினைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பையைத் திறந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து வந்தார். பேனாவை உதறிவிட்டு, தனக்குத் தானே வாடிக்கையாளராகி எழுத ஆரம்பித்தார்.

முதல் கேள்வி, வாரண்டிக்காக அவரே போட்டது: எந்த மெஷின், எந்த வருடம், வாங்கியவர் யார்?

மாடல் எண்ணை மனப்பாடமாக எழுதினார். வருடத்தை எழுதினார். 'அத்தான்' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்து, 'ரெண்டா வாங்கினார். ஒண்ணு எங்களுக்கு' என்று சேர்த்தார்.

சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

'என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை' என்ற இடத்தில்: 'அக்கா பேசல. மெஷின் ஓடும்போது எப்பவும் ஒரு அடி முன்னால நடக்கும். அத்தான் அது மேல உக்காந்து பேப்பர் படிப்பார். அப்போ நடக்காது.'

'எப்போதிலிருந்து': 'அத்தான் போய் ஒரு மாசத்துல. நான் தூக்கிப் போடுன்னு சொன்னதுலேர்ந்து.'

'அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்': 'வாட்ச் பார்த்தேன்.'

'இதற்கு முன் யார் கை வைத்தது': 'அத்தான். ரெண்டு ஸ்க்ரூ மாத்திப் போட்டிருக்கார்.'

கடைசிக் கேள்வி, என்ன ஆக வேண்டும். 'சனிக்கிழமைக்குள்ள மெஷின் ஓடணும். அக்கா பேசணும்.'

"உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலியே" என்றார் சித்தி. "எழுதுங்க, இல்லன்னா போன் அது பாட்டுக்கு மூணு பக்கத்துக்குப் பொழியும். அவங்க படிச்சதும் யார் எழுதிக் குடுத்தான்னு கேப்பாங்க."

அட்டையில் இடம் தீர்ந்திருந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினார்: 'நான் அதிகம் பேசாத ஆள். அக்காவுக்குத் தெரியும்.'

அட்டையை எழுத்து மாறாமல் நான் தட்டிக் கொடுத்தேன். இந்த முறை மேலாளரும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. நான்கே வரி.

'அக்கா, அது அத்தான் வாங்கின மெஷின். அன்னிக்கு எனக்கு அது தோணல. தப்பு. வந்து ஓட வைக்கிறேன்.'

சித்தப்பா இரண்டு தரம் படித்தார். "இது நான்" என்றார். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அத்தையும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே.

'பிளக் சொருகித்தான் இருக்கு. வா.'

சித்தப்பா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்த ஜோடி மெஷினிடம் போனார். பின்மூடி கழலும் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"போர்டு."

"எந்த போர்டு? ஐயோ, உள்ள துணி ஊறுதுங்க! உங்க நீலச் சட்டையும் கெடக்கு!"

"அக்காவுக்கு."

சித்தி என்னைப் பார்த்தார். "இப்ப எனக்கு முழுசாப் புரியுது. அதுதான் கோவமா வருது" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்து வந்து கையாலேயே துவைக்க ஆரம்பித்தார். ஆனால் சித்தப்பா கிளம்பும்போது ஈரக் கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் வந்துவிட்டார். நானும் போனேன்.

அத்தை வீட்டில் எல்லாமே அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடங்களில் வெளிர் நிறச் சதுரங்கள் தெரிந்தன. அத்தை கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். சித்தப்பா மெஷினுக்கு முன் குந்தி உட்கார்ந்தார், ஸ்க்ரூடிரைவரைத் தேடினார், கைப்பழக்கத்தில் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து அத்தையிடம் நீட்டிவிட்டார்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

"சொந்த அக்கா கார்டு எழுதணுமாடா உனக்கு?" என்றார் அத்தை. பதினோரு மாதத்தில் முதல் வசனம். திட்டுத்தான், ஆனால் பேச்சு.

அத்தை அட்டையைப் பிடுங்கினார். ஐந்து கேள்விகளைத் தாண்டி, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'ஓடணும். நடக்கவும் நடக்கணும்.'

ஒரு மணி நேரத்தில் போர்டு மாறியது. மாமா மாற்றிப் போட்ட இரண்டு ஸ்க்ரூக்களையும் சித்தப்பா அதே தப்பான துளைகளில் திருகியதை நான் பார்த்தேன். பிளக்கைச் சொருகினார். தண்ணீர் ஏறியது, சுற்றியது, கடைசியில் வேகம் பிடித்ததும் மெஷின் மொத்தமாக உதறிக்கொண்டு முன்னால் நகர ஆரம்பித்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பெட்டிகளை நோக்கிக் கிளம்பிவிட்டது.

"பிடிடா!" என்று அத்தை கத்தினார்.

சித்தப்பா பிடிக்கவில்லை. ஏறி அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மெஷின் நடப்பதை நிறுத்தியது. அவர் மட்டும் தலையிலிருந்து கால் வரை ஆடிக்கொண்டிருந்தார்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து மகனை அழைத்தார். "வண்டியில மெஷினும் வருது. ஆமாடா, உங்கிட்ட ஒண்ணு இருக்குன்னு எனக்கும் தெரியும். அது நடக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். ஒரு பெட்டியைக் கிழித்து, பாத்திரம் சுற்றிய பழைய செய்தித்தாளை உருவி, தம்பியின் மடியில் போட்டார்.

சித்தப்பா அதை விரித்தார். எழுத்துகள் அவர் கையில் குதித்தன.

"அத்தான் எப்படிக்கா இதுல உக்காந்து பேப்பர் படிச்சாரு?" என்றார்.

"ஆறு வார்த்தை!" என்று சித்தி என் காதில் கிசுகிசுத்தார்.

குரல் நடுங்கியது உண்மை. மெஷின் மேல் உட்கார்ந்திருந்தால் யார் குரலும் அப்படித்தான் நடுங்கும் என்று சித்தப்பா இன்றுவரை சாதிக்கிறார். மெஷின் அதற்கு முன்பே சுற்றி முடித்து ஓய்ந்துவிட்டது என்கிறார் சித்தி.