தலைப்பாகை கட்டிய குடங்கள்

“...வெளிய தள்ளுறதுக்குன்னே மூணு ஷிப்ட்டுக்கும் ஆளு போட்டு வெச்சிருக்காங்க, நீ என்னாடான்னா அதையே புடிச்சி, மூடி, பொத்திப் பொத்தி வெச்சிக்கினு இருக்கியே யக்கா.”

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அஞ்சலை அத்தை என் அம்மாவைப் பார்த்துச் சொன்ன இந்தப் பேச்சை நினைத்தால் போதும், பின்னாலேயே பித்தளைக் குடத்தில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும் வந்துவிடும்; முதலில் வெறுங்குடம் அதிர்கிற கணகணப்பு, பாதி நிறைந்ததும் ஒரு தொண்டைக் கரகரப்பு, கழுத்தைத் தொடும்போது குழந்தை சிணுங்குவதுபோல் மெலிந்து மேலேறும் ஒலி. நெய்வேலியில் அப்போது குழாயில் வந்த தண்ணீர் லேசான வெதுவெதுப்போடு, பூமிக்கடியில் யாரோ இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுபோல் வரும். அதனால் அன்றைய தண்ணீரை அன்றைக்கே யாரும் குடிக்கமாட்டோம். பானையில் ஆறப்போட்ட “நேத்துத் தண்ணி”தான் எல்லா வீட்டிலும் குடிதண்ணீர். எங்கள் வீட்டில் மட்டும் நேற்றுக்கு முந்தைய நாளின் தண்ணீரும், அதற்கும் முந்தையதும் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கம். சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்டு, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எழும்பி, நகரியத்தில் பிளாக் பிளாக்காக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். என் அப்பாவுக்கு மைன்ஸில் பம்பு செக்‌ஷனில் வேலை. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும், அதனால் பம்பு ஒரு நிமிஷமும் நிற்கக்கூடாது என்று அப்பா எங்களுக்குச் சொல்வார். ஷிப்டுச் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளப் போகிறவர் அவர். அதே சங்குக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறவள் அம்மா. “நான் தள்ளிவிட்டுட்டு வர்றேன், இவ வாரி வச்சுக்கிறா” என்று அப்பா சாப்பிடும்போது சிரிப்பார். அம்மா அதற்குச் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: “இருந்துட்டுப் போகட்டும்.”

அம்மா இராமநாதபுரத்துச் சீமைக்காரி. ஊருணித் தண்ணீருக்கு விடியுமுன் வரிசையில் நின்று வளர்ந்தவள். அந்த ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அங்கிருந்து கொண்டுவந்த ஒரு மஞ்சள் பையைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் தேத்தாங்கொட்டைகள் இருந்தன. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க மண்பானையின் உட்புறத்தில் அதை உரசுவார்கள். பளிங்குபோல் வருகிற குழாய்த் தண்ணீருக்கு அது எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. அவள் பாட்டுக்கு உரசுவாள். பிறகு பானையைச் சுவரோரம் மற்றவற்றோடு சேர்த்து நிறுத்துவாள்.

இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டில், ஓர் அறை எங்களுக்கு, ஓர் அறை தண்ணீருக்கு என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத மதியங்களில் நான் அந்த அறையின் சிமெண்டுத் தரையில்தான் படுத்திருப்பேன். வெளியே முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து சூடான காற்று வீசும். உள்ளே பானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் எப்போதாவது ஒரு சொட்டு விழும். ஜன்னல் வழியே நுழைகிற வெயில் அண்டாவின் நீரில் பட்டு, கூரையில் வெள்ளி வளையங்களாக அசையும். நான் ஏதோ ஒரு குளத்தின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன். அப்படியே தூங்கியும் போவேன். இந்த வயதிலும் தூக்கம் வராவிட்டால் நான் மனசுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிற இடம் அந்தத் தரைதான்.

பானைகளுக்கு மேலே ஒரு பலகை. அதில் பொரியரிசி மாவு, அவல், கருப்பட்டி, உப்புக்கல், வற்றல் எல்லாம் பிஸ்கட் தகர டின்களில் அடைத்து, மூடியின் விளிம்பில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அப்பா அதற்கு “பஞ்சத்து அலமாரி” என்று பெயர் வைத்திருந்தார். சம்பளத்துக்கு மறுநாள் எல்லார் வீட்டிலும் மிட்டாய் வாங்கினால் எங்கள் வீட்டில் ஒரு டின் கூடும்.

அஞ்சலை அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் இந்த மண்ணுக்காரர். அவருடைய ஊரே தோண்டப்பட்டு மைன்ஸுக்குள் போய்விட்டது. வீட்டுக்காரர் முதலில் கான்ட்ராக்டில் மண் சுமந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, அப்பாவோடு அதே பம்பு செக்‌ஷனுக்கு வந்தார். அத்தையின் பழைய வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு இருந்ததாம். கோடையிலும் எட்டிச் சொம்பில் மொண்டுவிடலாம்போல் தண்ணீர் கிடக்குமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கை தானாகக் குனிந்து மொள்ளும். “எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியத்தான் உங்கூட்டுக்காரரு வெளிய தள்ளிக்கினு இருக்காரு. அதத்தான் நீ காசித் தீர்த்தம்மாட்டம் மூடி வெச்சிருக்க” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தக் கிணறு இருந்த இடத்தில் இப்போது கிணறும் இல்லை, அது தோண்டப்பட்ட மண்ணும் இல்லை, வெறும் ஆகாயம்தான் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் “கொசுக்காரர்” வருவார். யானைக்கால் வியாதி உள்ள பக்கம் என்பதால் வீடு வீடாக நுழைந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது அவர் வேலை. தோளில் எண்ணெய்த் தகரமும் கையில் குழாயுமாக எங்கள் தண்ணீர் அறை வாசலில் வந்து நின்றவர், கொசு சந்தை போடுகிற இடம் இதுதானா என்று கேட்டுவிட்டு, வாசலோரப் பானையைச் சாய்த்தார். தண்ணீர் படியிறங்கிச் செம்மண்ணில் ஓடியது. அம்மா அடுத்த பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலை அத்தை வேலிக்கு அப்பாலிருந்து சிரிக்க ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கொசுக்காரரும் நல்ல மனிதர்தான். கொசு நுழையாமல் இறுகக் கட்டி வைத்தால் கொட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் அப்பாவின் பழைய வேட்டி இரண்டு கிழிந்தன. எல்லாக் குடத்துக்கும் பானைக்கும் வெள்ளைத் துணி கட்டி, கயிற்றால் இறுக்கி, அம்மா வரிசையாக நிறுத்தினாள். பார்ப்பதற்கு, பெண் கேட்டு வந்த பெரிய மனிதர்கள் தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு தலைப்பாகைக்கும் பெயர் வைத்தோம். அண்டாவுக்கு “நாட்டாமை”.

அந்த வருஷத்து மழையோடு புயலும் வந்தது. கரண்ட் கம்பிகள் அறுந்து நகரியம் கருத்தது. மைன்ஸுக்கு மட்டும் எப்படியோ கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். பம்பு நிற்கக்கூடாதென்று அப்பாவையும் அஞ்சலை அத்தை வீட்டுக்காரரையும் ஷிப்டு முடிந்தும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். மேல்நிலைத் தொட்டி காலியானதும் குழாய்கள் ஒரு மூச்சு விட்டு அடங்கின. வெளியே பார்த்தால் எங்கும் தண்ணீர்; தெருவில், தோட்டத்தில், வாசற்படியில், பால் ஊற்றாத டீயின் நிறத்தில் அது மிதந்துகொண்டிருந்தது. குடிக்கத்தான் இல்லை.

ஜனங்கள் கூரையிலிருந்து வழிந்ததைப் பிடித்தார்கள், அது பொங்கிய சாக்கடையோடு கலந்ததைக் கவனிக்காமலும் பிடித்தார்கள். அம்மா தலைப்பாகைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். குடிக்க மட்டும், வீட்டுக்கு ஒரு சொம்பு என்று அளந்து கொடுத்தாள். அஞ்சலை அத்தை மட்டும் வரவில்லை. இத்தனை நாள் கேலி செய்த வாயால் எப்படிக் கேட்பது என்று இருந்திருப்பார். அம்மா என்னிடம் ஒரு சொம்பு கொடுத்தனுப்பினாள். நான் போனபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார், இடுப்பில் மகன் முருகையன். தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, துவைத்துப் பிழிந்த துணியாகத் தோளில் தொங்கினான். காலையிலிருந்து வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. காற்று தணிந்தால்தான் தூக்கிக்கொண்டு ஓடமுடியும்.

அம்மா அவர்கள் இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் சொம்பு கிடையாது என்று சொல்லிவிட்டாள். கேட்டு வந்தவர்களுக்கு, பாத்திரத்தில் தேத்தாங்கொட்டையை உரசிக் கொடுத்து, மழைத்தண்ணீரை நேராக வானத்திலிருந்து பிடித்துத் தெளியவிடுங்கள், கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். மிஞ்சியது “நாட்டாமை” ஒன்றுதான். அதிலிருந்து மொண்டு, காய்ச்சி, ஆற்றி, உப்பும் கருப்பட்டியும் கரைத்துப் பாலாடைச் சங்கில் புகட்டினாள். பிள்ளை கக்கினான். திரும்பவும் புகட்டினாள். பொரியரிசிக் கஞ்சியின் மேல்தண்ணீரை வடித்துப் புகட்டினாள். கண் உள்ளே போய், உதடு வெடித்து, அழுவதற்குக் கண்ணீரும், ஒன்றுக்குப் போக நீரும் இல்லாமல் அவன் கிடந்தான்.

“யக்கா, பெரியவங்களுக்கு வேணுமே, எல்லாத்தையும் இவனுக்கே ஊத்துறியே” என்றார் அத்தை.

அம்மா பாலாடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “இது என் தங்கச்சிக்குப் புடிச்சு வச்ச தண்ணி, அஞ்சல. எங்க ஊருல, ஊருணி வத்தி அடிச் சேத்தக் குடிச்சுதான் அவ போனா. இம்புட்டு வயசுதான் இருக்கும். இத்தன வருசமா அவளுக்குத்தான் புடிச்சு வச்சிருக்கேன். உம் மகன் குடிக்கட்டும்.”

எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். வெளியே காற்று பெரிய சீலையைக் கிழிப்பதுபோல் கிழித்துக்கொண்டே இருந்தது. உள்ளே பாலாடை அண்டாவுக்கும் அடுப்புக்கும் பிள்ளைக்குமாகப் போய்வந்தது. நான் கூரையைப் பார்த்தேன். வெயில் இல்லாததால் வளையங்கள் இல்லை. அண்டாவின் அடி தெரிந்தபோது, அதன் செம்பு நிறத்தில் அம்மாவின் முகமும் அத்தையின் முகமும் ஒன்றாகத் தெரிந்தன.

மறுநாள் பொழுது வெளுக்கிற நேரத்தில் முருகையன் அம்மாவின் மடியை நனைத்தான். அத்தை எட்டித் தொட்டுப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை தொட்டார். “தோ பாரு யக்கா, நீ புடிச்சி வெச்சத எம்மவன் வெளிய தள்ளிட்டான்” என்று சொல்லிக்கொண்டே சிரித்தவர், சிரிப்பு அழுகையாகி, அழுகை விக்கலாகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா ஈரச்சீலையை மாற்றக்கூட எழுந்திருக்கவில்லை.

இப்போது நான் இருக்கும் வீட்டில் மூலைக்கு மூலை பிளாஸ்டிக் தண்ணீர் கேன்கள் நிற்கின்றன. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. போன தடவை நெய்வேலிக்குப் போனபோது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த குள்ளஞ்சாவடிக்காரர், போர் போட்டால் எவ்வளவு ஆழம் போகவேண்டியிருக்கிறது என்று விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் பிளாக்கில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, எங்கள் வீட்டுக் கூரையில் ஓர் அரசங்கன்று. வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் பேரப்பிள்ளைகள் கதை என்கிறார்கள். “நேத்துத் தண்ணி” என்ற வார்த்தையைச் சொல்ல இன்று யாரும் மிச்சமில்லை.

அஞ்சலை அத்தை அந்தப் பேச்சைக் கடைசியாகச் சொன்னது புயல் ஓய்ந்த பிறகு, குழாய் திரும்ப வந்த அன்று. குழாய் முதலில் இருமியது, செம்மண்ணாகத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டத் தொடங்கியது. அம்மா காலிக் குடங்களைப் புளிபோட்டு விளக்கி, பழையபடி வரிசையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வேலியோரம் வந்து நின்று, வெளியே தள்ளுவதற்கென்றே ஆள் போட்டிருக்கிறார்களே, நீ இப்படிப் பொத்தி வைக்கிறாயே என்று வழக்கமான இழுப்போடு முழுவதையும் சொல்லி முடித்தார். அம்மாவும் “இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

அத்தை முருகையனை வேலிக்கு மேலாக அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தன்னுடைய பெரிய குடத்தைத் தூக்கிவந்து குழாயடியில் வைத்து, கழுத்துவரை நிறையவிட்டு, கட்டியிருந்த சீலையின் முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, குடத்தின் வாயை இறுகக் கட்டினார்.