பெரியத்தானுக்குக் கொடுக்காத சாறு

ஃபுவாடினோவுக்கு முழங்கால் வலி. அதற்கான இலை அவள் வீட்டுப் பின்புறமே இருந்தது. வாட்டிக் கட்டிக்கொள்ளத்தான் அவளுக்கு நேரமில்லை.

எங்கள் சவாயி தீவில், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில்கூட நோனு மரம் முளைக்கும். அவளிடம் நான்கு மரங்கள். பழம் கனிந்தால் வாந்தி நாற்றம் அடிக்கும். முப்பது வருடமாக அவள் துணி, தலைமயிர் எல்லாம் அந்த நாற்றம்தான். வாய்ப்புண், பல்வலி என்று போனால் சாறு கொடுப்பாள். கட்டி என்றால் இலையைத் தணலில் வாட்டி வைப்பாள். என் கழுத்துக் கட்டியும் அப்படித்தான் உடைந்தது. கைம்மாறாக மீனோ கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்கள். அவள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

அவள் கணவன் டவுடுவாவின் அண்ணன் பெசமினோதான் அந்தக் குடும்பத்தின் தலைவர். அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை. போன வருடம் அவர் கால்கள் வீங்கின. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கடல் தாண்டித் தலைநகர் ஆப்பியாவில் டாக்டர் சொல்லி, ஆகாதவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கப்பலை விட்டு இறங்கியவர் நேரே ஃபுவாடினோ வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீடுதான் எனக்கு; அடுப்படியில் இருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

“ஃபுவா, ரெண்டு போத்தல் கொடு. அந்த டாக்டர் நேத்துப் பொறந்தவன்.”

“சீட்டைக் காட்டுங்க, பெரியத்தான்.” படித்தாள். “நோனு கூடாதுன்னு எழுதியிருக்கே.”

“என் பல்வலி இதுலதானே போச்சு?”

“போச்சு. இது வேற. இந்தச் சாறுல ஒரு உப்பு இருக்கு. அதை உங்க சிறுநீரகத்தால வெளியே தள்ள முடியாது. இதயம் நின்னுடும்.”

“நான் கேட்டு இல்லேங்கிறியா?”

“ஆமா.”

யாரிடமும் அவள் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு முதல் அவர் தம்பி வீட்டுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேவாலய வாசலில் பெண்கள், “ஆஸ்பத்திரிக்காரி வர்றா, வழி விடுங்க” என்றார்கள். டவுடுவாவும் முணுமுணுத்தான்.

“ஒரு போத்தலைக் கொடுத்துத் தொலைச்சிருக்கலாம். அண்ணன் முகத்துல முழிக்க முடியல.”

“கொடுத்துட்டு, அவர் சாவுக்கு மரியாதைப் பாய் தூக்கிட்டு நடக்கிறதும் நான்தானே?”

ஒருநாள் விடியலில், பெசமினோ தன் மரத்தில் ஊன்றுகோலால் பழம் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீங்கிய காலோடு அவரால் நடந்து எட்ட முடிந்தவை இந்த மரங்கள்தான். மறுநாளிலிருந்து அவருக்கு முன்பே எழுந்து, கனியத் தொடங்கியதையெல்லாம் பறித்துக் குழியில் போட்டு மூடினாள். நோனுவுக்குப் பருவம் கிடையாது. நாள்தோறும் நான்கு மரம், இரண்டு மாதம். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. எனக்கே கேட்டபிறகுதான் சொன்னாள்.

பிறகு அவர் மனைவி லோசா வந்தாள். “கால் பாறையா இருக்குடி. படுக்கவே முடியல. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கிறார். நீ வருவியா?”

இலைகளோடு போனாள். பெசமினோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் இலைகளை வாட்டி ஒவ்வொன்றாக அவர் காலில் வைத்தாள்.

“இது தண்ணியை வத்த வைக்காது, பெரியத்தான். வலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். மெஷின்லதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்.”

கடைசி இலையை வைக்கும்போது அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “உன் கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“அசதி.”

“உட்காரு.”

உட்கார்ந்தாள். பத்து நாள் அப்படிப் போய் வந்தாள். பதினோராம் நாள் அவர் ஆப்பியாவுக்குப் போகச் சம்மதித்தார். அங்கே மகள் வீட்டில் தங்கி, வாரம் மூன்று முறை மெஷினில் படுக்கிறார். இப்போது மெலிந்துவிட்டார், நடக்கிறார். கப்பல் ஏறும்போது தம்பியிடம், “அவளைக் கொஞ்சம் தூங்க விடுடா” என்றாராம்.

போன வாரம் மதியம், கட்டி வந்த குழந்தையோடு ஒருத்தி வந்தாள். வாசலில் இருந்த டவுடுவா, “அவ தூங்குறா, சாயங்காலம் வா” என்றான். அவள் போகவில்லை, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். குழந்தை சிணுங்கியது. அரைமணி நேரத்தில் ஃபுவாடினோ தலையை முடிந்துகொண்டு வெளியே வந்து, குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.