வெயிலில் வெந்த வம்சம்

பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்ததும் டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, "இதை வூட்ல படிச்சுக்கங்க" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பையன்கள் பெஞ்சுக்கடியில் சிரித்தார்கள். நான் வீட்டில் போய்ப் படித்தேன், அவர்கள் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் வேறு, ஊர் வேறு என்றாலும் அதே மாதிரிச் சிரித்த ஒருவனுக்குத்தான் பிறகு என்னைக் கட்டிவைத்தார்கள்.

என் முட்டைகள் எல்லாம் நான் பிறக்கும்போதே என்னோடு வந்துவிட்டவை. அம்மாவின் வயிற்றில் நான் புரண்டுகொண்டிருந்தபோதே என் சினைப்பைகளில் அவை அடுக்கியாயிற்று. வயசுக்கு வந்தபின் மாதம் ஒன்று எழுந்து, கருக்குழாயில் இறங்கி, ஒரு நாள் போலக் காத்திருக்கும். யாரும் வரவில்லையென்றால் போய்விடும். சத்தமில்லை, விளம்பரமில்லை. ஆணின் கதை வேறு. தினம் தினம் புதிதாக, லட்சக்கணக்கில், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகக் கிளம்புகிற மாதிரி உற்பத்தி. அத்தனை கிளம்பி ஒன்றுதான் உள்ளே நுழையும். அந்த ஒன்றும் நுழையுமா என்று பார்க்கத்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியமில்லை.

என் கணவர் டிப்பர் லாரி வைத்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம். அதற்குள் எனக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே மேஜையில் பல்லைக் கடித்த கடியில் கடைவாய் இரண்டு நாள் வலித்தது. எல்லாவற்றிலும் குறையில்லை என்றுதான் வந்தது. குறையில்லை என்று வரவர என் மாமியாருக்கு என்மேல் சந்தேகம் கூடியது. தன் தம்பி மகளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டு ஆள் விட்டிருந்தார். ஆவணிக்குள் எனக்குத் தங்கவில்லையென்றால் அவள் வருவாள். நான் அதே வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருக்கலாம், போகச் சொல்ல மாட்டார்களாம். பெருந்தன்மை!

டாக்டரம்மா ஒருநாள் கத்திவிட்டார். "அவரைப் பாக்காம இனிமே உன்னைப் பாக்கறதா இல்லம்மா."

அரியலூர் லேப்பில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று அவருடைய விந்துப் பரிசோதனைக்குப் பெரம்பலூர் முடிவானது. பெரம்பலூர் லேப்பில் ஒரு அறை கொடுப்பார்கள். அதற்குள் போகமாட்டேன் என்றார் சிங்கம். "வெளியில பத்துப் பேரு உக்காந்திருக்க, நான் கதவத் தாழ்ப்பா போட்டுக்கிட்டு... போடி." சரி, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மூடி போட்ட டப்பா ஒன்று கொடுத்துவிட்டார்கள். லேப்பில் இருந்த பெண் என்னிடம்தான் படித்துப் படித்துச் சொன்னாள்: "ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணுங்க்கா. வெயில் படக் கூடாது. உடம்புச் சூட்டுல வச்சிருங்க, இடுப்புல சொருகிக்கிட்டாக்கூடப் போதும்."

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று கிளம்பினோம். அன்று பார்த்து எனக்குத் தூரம். அந்த மாதத்து முட்டையும் காத்திருந்து பார்த்து, போய்க்கொண்டிருந்தது.

"டப்பாவை நான் இடுப்புல வச்சுக்கறேன் அத்தை."

"தூரத்தோட அதத் தொடுவியா நீ? வம்சம்டி அது!"

கணவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கூசினார். மாமியார் மஞ்சள் துணியில் சுற்றி, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, கல்லங்குறிச்சிப் பெருமாள் படத்தின் காலடியில் சாத்தினார். பங்குனி வெயில் கண்ணாடி வழியாக நேராக அங்கேதான் இறங்கியது. நான் பின்சீட்டில், பழந்துணி விரித்து, தீட்டோடு.

வழியில் லாரி வரிசை. பெரம்பலூரில் லேப் வாசலில் காரை நிறுத்தியபோது பத்தரை தாண்டிவிட்டது. மாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறந்திருச்சு. பன்னெண்டு அடிக்கட்டும்."

"அத்தை, ஒரு மணி நேரம்னு சொன்னாங்க. செத்துரும்."

"வாயக் கழுவு! வம்சத்துக்குப் பாக்குற காரியத்த ராகு காலத்துல குடுப்பாங்களா யாராச்சும்? ஏன்டா தம்பி, நீ சொல்லேன்."

தம்பி, அதாவது என் கணவர், டீ குடிக்கப் போனார். பெருமாள் காலடியில் லட்சக்கணக்கானவர்கள் வாலை ஆட்டி ஆட்டி, புழுங்கி, ஓய்ந்து, அடங்கினார்கள். லேப் பத்தடி தூரத்தில் இருந்தது. விரைகளை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருப்பதே அதிகச் சூடு ஆகாது என்பதற்காகத்தான். அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. இரண்டு வாழைப்பழம் தின்றுகொண்டு மாமியார் நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார். ஒரு பரம்பரை வேகிற வாசனை யாருக்கும் வரவில்லை.

பன்னிரண்டுக்குக் கொடுத்தோம். சாயந்திரம்வரை லேப்பின் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம், அந்தப் பெண் கூப்பிட்டாள். "ஒண்ணுகூட உயிரோட இல்லைங்க சார். எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"மிசினு ரிப்பேரா இருக்கும்" என்றார் கணவர்.

"இவ கண்ணு பட்டிருக்கும். அதான் கூட வராதன்னேன்" என்றார் மாமியார். அப்படி அவர் சொல்லவே இல்லை.

எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். நான் அந்த இரும்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வரிசையில் காத்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டது தெரிந்தது. தீட்டட்டும்.

"ஏங்க, அந்தா இருக்கு கதவு. நாளு குறிச்சு வாங்கிட்டு வந்து அதுக்குள்ள போறேன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல. பயமா இருந்தா உங்கம்மாவும் கூட வரட்டும்."

யாரோ ஒரு அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவரை அசைத்தது, நான் இல்லை. "வரேன், வரேன். எந்திரி மொதல்ல" என்று பல்லுக்குள் சொன்னார்.

அடுத்த வாரம் போனார். கதவு மூடியது, திறந்தது, வானம் இடிந்துவிடவில்லை. ரிசல்ட்டில் கொஞ்சம் இருந்தன, பாதிக்கு மேல் நகர மறுத்தன. எஞ்சின் சூட்டின்மேல் நாளெல்லாம் உட்காராதீர்கள், பீடியை விடுங்கள், மாத்திரை சாப்பிட்டுவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. மறுபடி வரவில்லை. லாரி ஓடியது, பீடி புகைந்தது.

ஆனால் தம்பி மகள் பேச்சு அன்றோடு நின்றது. என்மேல் இரக்கப்பட்டு இல்லை. அவளுக்கும் தங்கவில்லையென்றால் ஊர் என்ன கணக்குப் போடும் என்று மாமியாருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கற்ற ஒரே உயிரியல் அது.

எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. இப்போது மாதம் தப்பித் தப்பி வருகிறது. என்னோடு வந்தவை ஏறக்குறைய எல்லாம் போய்விட்டன. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோது மாமியார் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல. பெருமாள்தான் குடுக்கல."

"பெருமாளுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா அத்தை?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார்.