உள்ளே ஐந்து, வெளியே நான்கு

வேன் நிலையத்தில் என் சித்தப்பா ஸ்வெலாக்கே குமேடே எங்கே என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். டர்பனுக்கு இன்னும் இரண்டு பேர், எம்பாங்கேனிக்கு ஒரே ஓர் ஆள் என்று பதினெட்டு வருடமாகக் கத்தி, வரிசை கட்டி, வேன்களை நிரப்பி அனுப்புகிறவர் அவர். ஐம்பத்தொரு வயது. தொண்டை மட்டும் இன்னும் கிழவனாகவில்லை.

"அம்மா, அந்தக் கோழிக்கூடைய மடியில வச்சுக்குங்க. உசுரோட இருந்தா அரை டிக்கெட்டு, செத்துப்போச்சுன்னா அது சாப்பாடு, சும்மா வரலாம்."

தேவாலயத்தில் போதகர் பிரசங்கம் செய்யும்போதே இவர் பதில் சொல்வார். யாராவது முறைத்தால் அவன் தாத்தாவிலிருந்து தொடங்கித் திட்டுவார். எங்கள் வேலியோர ஊரில் அவரிடம் திட்டு வாங்காத வீடு ஒன்றுகூட இல்லை. அதில் பாதித் திட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஏனென்றால் வனவிலங்குக் காப்பகத்தின் மின்வேலி அவருடைய சோளக்கொல்லைக்குப் பின்னால் நாற்பது அடியில் ஓடுகிறது.

"நம்ம மாடு அந்தப் பக்கம் போனா குத்தம். அவங்க யானை இந்தப் பக்கம் வந்தா இயற்கை" என்பார். இரண்டு தடவை யானை வந்து கொல்லையை மொட்டையாக்கிவிட்டுப் போனது. மனு எழுதிக் கொடுத்தது நான்தான். பதில் வரவில்லை.

அந்தக் காப்பகத்துக்குள்தான் என் அப்பா பெக்கிதெம்பா இருபத்துநான்கு வருடம் வேலை பார்த்தார். விலங்குகள் தண்ணீர் குடிக்கும் குட்டைகளுக்கு நீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. மூன்று வருடம் முன்பு ஒரு மார்ச் மாதக் காலையில் உள்ளே போனவர் சாயங்காலம் வெளியே வரவில்லை. யாரும் தேடவில்லை. சுற்றுலாக் கார்களை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் வண்டிகள், நாய்கள், ஹெலிகாப்டர் எல்லாம் கிளம்பும். வேலைக்காரர்களுக்கு அப்படி எண்ணிக்கை கிடையாது. மறுநாள் காலை சிங்கம் பார்க்க வந்த ஒரு கார்க்காரர்தான் மூன்றாம் பம்பின் பக்கத்தில் அவரைப் பார்த்தார். நெஞ்சுவலி என்றார்கள். எத்தனை மணிக்கு இறந்தார் என்று கேட்டேன். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றார். ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறார் என்று அர்த்தம்.

உடலை வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம். ஆனால் ஆள் வந்து சேரவில்லை. எங்களில் ஒருவர் வெளியே இறந்தால், இறந்த இடத்துக்குக் காட்டு இலந்தைக் கொப்போடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொப்பில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். கொப்பைச் சுமக்கிறவர் வீடு சேரும்வரை உயிரோடு இருக்கிற எவரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் கூட வருகிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். செத்தவரோடு மட்டும் பேசலாம். திருப்பம் வந்தால், ஆறு வந்தால், சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவருக்குத் தனி இருக்கை வேண்டும், அதற்குக் காசும் கொடுத்தாக வேண்டும். சித்தப்பா தன் கையாலேயே எத்தனையோ கொப்புகளை வேனில் ஏற்றி, முழு டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

இரண்டு தடவை காப்பக அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டோம். முதல் தடவை, அது வேலை நடக்கும் பகுதி, வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். இரண்டாவது தடவை கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பாதுகாப்புக் காரணங்களுக்காக இயலாது என்று ஒரு வரியில் பதில். அம்மாவின் கனவில் அப்பா பம்பருகே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நில அளவைப் படிப்பு. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தப் படிப்புக்கு அப்பாவின் பம்பு எண்ணெய் வாசனை ஏறிய சம்பளம் போயிருக்கிறது. காப்பகத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மூன்றாம் பம்பு சுற்றுலாப் பாதையிலிருந்து முப்பது அடி. வாடகைக் காரில் வருகிற எந்த ஊர்க்காரனும் நாள் முழுக்க அதைத் தாண்டிப் போகிறான். பெற்ற மகன் போகக் கூடாது, விடுமுறைக்கு வந்தவன் போகலாம். சரி, நாங்களும் விடுமுறைக்கு வந்தவர்கள் ஆகிவிடுகிறோம் என்று ஒரு வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்தேன்.

கொப்பைச் சுமக்க வேண்டியது அப்பாவின் தம்பி. அம்மாவுக்கு அங்கேதான் பயம்.

"இவன் வாயை மூடிக்கிட்டு வருவானா? நாலு மணி நேரம்டா."

"அண்ணி, என் அண்ணனுக்காக நாக்கைக் கடிச்சுக்க மாட்டேனா?"

"நீ நாக்கைக் கடிச்சாலும், கடிச்சதைப் பத்திப் பேசுவே."

நுழைவுப் படிவத்தைக் கணினியில் நிரப்பும்போது அம்மா பின்னால் வந்து நின்றார். "அவருக்கும் சேர்த்து வாங்கு. வர்றப்ப அங்க யாரும் டிக்கெட் தர மாட்டாங்க. திருட்டுத்தனமா கூட்டிட்டு வரக்கூடாது" என்றார். ஐந்து என்று போட்டேன். பெயர்களும் அடையாள எண்களும் கேட்டது. அப்பாவின் முழுப்பெயர், பதிமூன்று இலக்க எண், எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். படிக்காதவன் நாலு என்று போட்டுவிட்டுப் பேசாமல் வந்திருப்பான். படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்பியதுதான் என் தப்பு.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். வாயிலில் கார்களின் வரிசை. சாளரத்தில் இருந்தவர் தாளைப் பார்த்து முத்திரை குத்தினார், காருக்குள் பார்க்கவில்லை. முன்னால் அம்மா, பின்னால் தங்கை லுங்கிலே, நடுவில் காலி இடம், ஓரத்தில் கொப்போடு சித்தப்பா. கொப்பில் இன்னும் ஆளில்லை என்பதால் வாய் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஆண் யானை பாதையை மறித்து நின்றபோது ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"இவன்தான். காது கிழிஞ்சிருக்கு பாரு. என் சோளத்தைத் தின்ன பய இவன்தான். எப்படிக் கொழுத்திருக்கான்."

"சித்தப்பா, எல்லா யானைக்கும் காது கிழிஞ்சுதான் இருக்கு" என்றாள் லுங்கிலே.

"அப்ப எல்லாரும்தான் தின்னிருக்காங்க."

அம்மா வரிக்குதிரைகளைப் பார்க்கவில்லை. அவற்றின் காலடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இவ்வளவு புல்லு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

மூன்றாம் பம்பில் இறங்கினோம். காரைவிட்டு இறங்கக் கூடாது என்று பலகை இருந்தது. அப்பாவும் அதே இடத்தில்தான் தினமும் இறங்கினார். அவருக்கு ஒரு பலகையும் வைக்கவில்லை. சித்தப்பா கொப்பைத் தரையில் வைத்து, முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, "அண்ணே, எழுந்திரு. வீட்டுக்குப் போலாம். பசங்க வண்டி கொண்டு வந்திருக்காங்க" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, தொலைநோக்கியைக் கையில் பிடித்தபடி, அங்கே என்ன மிருகம் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்சீட்டிலிருந்து எங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் அப்பா" என்றேன்.

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

வாயில் ஆறு மணிக்கு மூடும். ஐந்தே முக்காலுக்கு நாங்கள் அங்கே இருந்தோம். சித்தப்பா வழிநெடுகக் கொப்பிடம், "அண்ணே, பாலம். அண்ணே, மேடு" என்று மட்டுமே சொல்லி வந்தார். காவல் அதிகாரி பெயர் சிகாலி, சட்டைப் பையின் மேல் எழுதியிருந்தது. எங்கள் ஜனம்தான். தாளைப் பார்த்தார், காருக்குள் குனிந்து எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"உள்ள அஞ்சு பேர் போயிருக்கீங்க."

"அஞ்சு பேரும் இருக்கோம்" என்றேன். காலி இடத்தையும் கொப்பையும் காட்டினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனால் மூச்சை இழுத்துவிட்டு, "வழக்கம் எனக்கும் தெரியும் தம்பி. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போன மாசம் இதே மாதிரி வாடகைக் கார்ல வந்து திருட்டு வேட்டைக்கு ஒருத்தனை உள்ள இறக்கி விட்டுட்டுப் போனாங்க. மூணு காண்டாமிருகம் போச்சு. கொப்பைக் காட்டி என்னை ஏமாத்த முடியாது. இறங்குங்க" என்றார்.

துப்பாக்கிக்காரர் ஒருவர் பின்கதவைத் திறந்தார். சித்தப்பா கொப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. அஞ்சாவது ஆள் யாரு? எங்க இறக்கிவிட்டீங்க?"

சித்தப்பா கொப்பை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"காது கேக்காதா?"

"சார், அவர் பேசக்கூடாது. உங்களுக்கே தெரியும்" என்றாள் லுங்கிலே.

"குத்தம் செஞ்சவனும்தான் பேச மாட்டான்" என்றார் துப்பாக்கிக்காரர். சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டையைத் தடவி, பிறகு கொப்பைப் பற்றி இழுத்தார். சித்தப்பா விடவில்லை. முள் உள்ளங்கையில் ஏறி ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்தது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்தது. வேன் நிலையத்தில் இதில் பத்தில் ஒரு பங்குக்கு ஆளைச் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறவர். ஒரு வார்த்தை வந்தால் போதும், அப்பா இந்தத் தார்ச்சாலையில், இவர்களுடைய வாயிலில் நின்றுவிடுவார். மறுபடி வந்து கூட்டிப் போகலாமென்றால், இனி எங்கள் பெயருக்கு யாரும் டிக்கெட் தரப் போவதில்லை.

சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே" என்றார், கொப்பைப் பார்த்து. "இது கேட்டு. இருபத்துநாலு வருஷம் நீ வேலைக்கு வந்த கேட்டு. இங்க கொஞ்சம் நிக்கிறோம், நீ பயப்படாதே. சிகாலின்னு ஒருத்தர் நம்மள எண்ணிப் பாக்குறாரு. நல்லா எண்ணுறாரு அண்ணே. ரெண்டு தடவை எண்ணுறாரு. அன்னிக்கு ராத்திரி இந்த மகராசன் எங்க இருந்தாருன்னு தெரியல. நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தப்ப, ஒரு தலை குறையுதேன்னு எண்ண ஒரு நாய்கூட இல்ல. இப்ப நீ வெளிய வர்ற. இப்ப எண்ணுறாங்க."

"யாரைச் சொல்றீங்க?" என்றார் சிகாலி.

"உங்ககிட்ட பேசல. எங்கப்பாகிட்ட பேசுறாரு. குறுக்க பேசாதீங்க" என்றாள் லுங்கிலே.

"கூட ஒரு தடியன் இருக்கான் அண்ணே. துப்பாக்கி வச்சிருக்கான். இலந்தை முள்ளுக்குப் பயப்படுறான். அவன் அம்மா நல்லா இருக்கட்டும். அவன் வெளியூர்ல செத்தா அவனைக் கூட்டிட்டு வரவும் யாராவது போகட்டும்."

துப்பாக்கிக்காரர் கொப்பை விட்டுவிட்டார்.

"சார், அஞ்சாவது ஆளோட பேரும் நம்பரும் படிவத்துல இருக்கு. உங்க ஆபீசுலயே கேளுங்க" என்றேன்.

சிகாலி வயர்லெஸ்ஸை எடுத்தார். பெயரைச் சொன்னார், எண்ணைச் சொன்னார். கரகரப்புக்குப் பிறகு ஒரு பெண்குரல் வந்தது. "பெக்கிதெம்பா குமேடே. நம்ம ஆள்தான், தண்ணீர்ப் பிரிவு. மூணாம் பம்புல இறந்துட்டார். கோப்பு மூடியாச்சு. ஏன், என்ன விஷயம்?"

சிகாலி வயர்லெஸ்ஸை அணைத்தார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, வெளிய நாலுன்னு போட்டா இப்பவே தேடுதல் ஆரம்பிக்கணும். அஞ்சுன்னு போட்டா நான் பொய்க் கையெழுத்துப் போடணும்."

"எது பொய்?" என்றேன். "நாலுன்னு போடுங்க, உள்ள ஒருத்தர் இருக்காருன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அப்புறம் நாயை அவுத்து விடுங்க, ஹெலிகாப்டரைக் கூப்பிடுங்க. அன்னிக்கு விடலையே, இன்னிக்காவது விடுங்க. மூணாம் பம்புக்கு நேரா அனுப்புங்க, வழி நான் சொல்றேன். இல்லன்னா அவர் எங்களோட வந்துட்டாருன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணுதான் சார் நடக்கும்."

பின்னால் கார்கள் ஒலி எழுப்பத் தொடங்கின. சிகாலி சித்தப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார், காரின் நடு இருக்கையைப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு, காலி இடத்தைப் பார்த்து, "போய்ட்டு வாங்க குமேடே" என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். சித்தப்பா ஏறினார், கதவைச் சாத்தினேன், தடுப்புக் கம்பம் உயர்ந்தது.

"நிறுத்து" என்றார் அம்மா. கண்ணாடியை இறக்கச் சொல்லி, சிகாலியிடம் கையை நீட்டினார். "அந்தப் புஸ்தகத்தைக் காட்டுங்க."

"அம்மா, போட்டுட்டேன்."

"காட்டுங்க."

அவர் பதிவேட்டைக் குனிந்து நீட்டினார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "எது அஞ்சு?" என்றார். காட்டினேன். அதன் அடியில் விரலை வைத்தார். பின்னால் ஒலிகள் கூடின; அம்மா விரலை எடுக்கவில்லை. மை காயும்வரை அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, "சரி, வண்டிய எடு" என்றார்.