மடியில் மணியோடு போனக்காட்டுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருமுனைக்கு வேன் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். உள்ளே இருப்பது அவருடைய சேவைக் கிளப்பின் வெண்கல மணி. அதை அடித்துத்தான் கூட்டத்தைத் தொடங்குவார்கள், அடித்துத்தான் முடிப்பார்கள். முடிவு மணி அடித்துவிட்டால் அதற்குமேல் எந்தத் தீர்மானமும் செல்லாது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தப் போனாலும் மணி கூடவே வந்தாக வேண்டும். சாலை பஜாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. மணியை வாங்கிக் கொடுத்தவர் இவர் என்பதால் சுமக்கிற வேலையும் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

"ஏட்டி, நல்லாப் பிடிச்சுக்க. ஆடிச்சுன்னா வழியெல்லாம் கூட்டம் தொடங்கிரும்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். நாலு பேர் நடுவே வாயைத் திறந்தால் எனக்குப் பேச்சு வராது. கிளப் விருந்துகளில் தூணோரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டு, வந்துவிடுவேன். இந்தப் பயணத்துக்கும் வந்திருக்க மாட்டேன். வந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐனோவுக்காக.

ஐனோவுக்குப் பதினேழு வயது. பின்லாந்துக்காரி. ஒரு வருஷ மாணவர் பரிமாற்றத்தில் கிளப் மூலமாக வந்து இங்கே பள்ளியில் படிக்கிறாள். மூன்று வீடுகளில் மாறி மாறித் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வீடு எங்களுடையது. எங்கள் மகன் பெங்களூரில் இருப்பதால் மாடி அறை காலிதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு வந்தார் இவர். தங்கும் வீட்டுப் பெண்ணை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளும் அப்படியே கூப்பிட்டாள். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு குறைவு. எனக்கு இங்கிலீஷ் வராது. அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை, பள்ளியில் பிடித்த மலையாளத்தில் பத்து வார்த்தை.

கிளப்பில் எல்லோருக்கும் அவளைப் பற்றிக் கவலை. மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தால் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு இறங்கி விடுகிறாள். மேடைக்கும் குறைவில்லை. பள்ளியில் வரவேற்பு, கிளப்பில் வரவேற்பு, பக்கத்து ஊர்க் கிளப்பில் வரவேற்பு. போர்த்திய பொன்னாடைகளே எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இங்கிலீஷ் பேச ஆளில்லாத வீட்டில் விட்டதால்தான் பிள்ளை வாடுகிறது என்று தலைவர் கோபன் சார் முடிவுக்கு வந்துவிட்டார். கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஓர் உறுப்பினரின் ஃபிளாட்டில் நீச்சல் குளம் உண்டு, இவள் வயதில் இரண்டு பெண்களும் உண்டு. முகாம் முடிந்ததும் மலையிலேயே ஒரு கூட்டம் போட்டு, மறுநாளே அங்கே மாற்றிவிடுவதாகப் பேச்சு.

அவர்கள் நல்லெண்ணத்தில் சொல்கிறவர்கள். சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் கையால் சாப்பிடுகிற பிள்ளை என் கண்முன்னாலேயே வாடியிருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்? ஒரு பகல் முழுக்கக் கூடவே இருந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வேனில் பாதி சீட் காலி. அவள் வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அதைக்கூட நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பழகின இடம் என்று உட்கார்ந்திருக்கலாம்.

நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர். அதுவரை வீடு, கடை, கோவில், சர்ச் என்று விடாமல் வரும். அதைத் தாண்டியதும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. வித்துரா சந்தை ஊர். ஏழரை மணிக்கு அங்கே இறங்கி சாயா குடித்தோம். சாயா பன்னிரண்டு ரூபாய், வாழைப்பழ பஜ்ஜி போன்ற பழம்பொரியும் அதே விலை. கிளப்காரர்கள் ஒவ்வொருவராக ஐனோவிடம் வந்து "ஹாப்பி? ஹாப்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள்.

டிரைவர் சுனி என் பக்கம் குனிந்து, "இத்தனை பேரு கேட்டா எனக்கே அழுகை வரும் கேட்டோ அம்மா" என்றான்.

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய்ப் பிரிய வேண்டும். காணித்தடம் செக்போஸ்டில் வனக்காவலர் பெயர்களைச் சரிபார்த்து உள்ளே விட்டார். அதன் பிறகு காடுதான். சாலை என்று பெயர். கல்லும் குழியுமாக வேன் தொட்டில்போல் ஆடியது. ஒவ்வொரு குழிக்கும் என் மடியில் மணி 'ணங்' என்றது. பின்னாலிருந்து ஒருவர், "கூட்டம் தொடங்கியாச்சா?" என்றார். இன்னொரு குழி. "முடிஞ்சாச்சு!" என்றார் வேறொருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஐனோ சிரிக்கவில்லை. தன் கையைக் கொண்டுவந்து பெட்டியின் மேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். மணி அடங்கியது. வண்டி ஆடிய வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

வழியில் ஓர் ஓடையருகே வண்டி நின்றபோது அட்டை ஏறிவிட்டது. கிளப் பொருளாளர் காலில் ஒன்றைக் கண்டு போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடின. ஐனோ காலிலும் இரண்டு. அவள் சத்தம் போடவில்லை. சுனி உப்புப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை வைத்து, அட்டை சுருண்டு விழுவதைக் காட்டினான். இரண்டாவது அட்டைக்குத் தானே உப்பு வைத்தாள். "இப்படியும் பயமில்லாத ஒரு குட்டியா!" என்றான் சுனி.

ஒன்பதரைக்குப் போனக்காடு போய்ச் சேர்ந்தோம். வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் வேறு தேசம்போல் இருந்தது. புதரோடு புதராக வளர்ந்து போன தேயிலை, பூட்டிக் கிடக்கிற தொழிற்சாலை, அதற்கு மேலே மேகம் கட்டிய அகத்தியர் மலை. தொழிலாளர் லயங்கள் வரிசையாக இருந்தன. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் சேர்த்துக் கட்டிய வீடுகள். அங்கே இருப்பவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா காலத்தில் வந்த தமிழர்கள். பேச்சில் அந்த ஊர் இழுப்பும் மலையாளமும் கலந்திருந்தன.

முகாம் நடந்த கட்டடத்து வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கண் படம் சின்னது, ஐனோ படம் பெரிது. மறுபடியும் வரவேற்பு, பொன்னாடை, மைக். "தேங்க் யூ" என்றாள். இறங்கினாள். கோபன் சார் என் வீட்டுக்காரரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

டாக்டர்கள் கண் பார்க்கத் தொடங்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் பார்த்தால் ஐனோவைக் காணவில்லை. மணிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் போனேன். மூன்றாவது வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூவம்மா என்கிற, என்னைவிடக் கொஞ்சம் இளைய ஒரு பெண் பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஐனோவும் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கோழி. இரண்டு கண்ணாடி கிளாஸில் பாலில்லாத கட்டஞ்சாயா. பேச்சே இல்லை.

"யக்கா, ஒங்க மவளா?" என்றாள் பூவம்மா, என் கறுத்த கையையும் அவளுடைய வெள்ளைக் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. கண்ணில் குறும்பு.

"ஆமா. வெயில் படாம வளத்தேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம். புது ஆளிடம் நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

"இந்தப் புள்ள ஏதும் மனக்கஷ்டத்துல இருக்காப்ல தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பூவம்மா யோசிக்கவே இல்லை. "வாயே தொறக்கல. ஆனா ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சா. பிடிக்காத வாசல்ல எவளாச்சும் ரெண்டாவது கிளாஸ் கேப்பாளா?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் அடுக்களை வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். காப்பி குடித்ததும் அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்துவாள். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். தினமும்.

மூன்று மணிக்கு முகாம் முடிந்தது. வட்டமாக நாற்காலி போட்டார்கள். கோபன் சார் கழுத்தில் பதக்கச் சங்கிலியை மாட்டிக்கொண்டு மணியை அடித்தார். பிறகு பத்திரமாக இருக்கட்டும் என்று அதைத் திரும்ப என் மடிக்கே அனுப்பினார். கண்ணாடி தேவைப்படுகிறவர்கள் விவரம் வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஐனோ விஷயம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சேச்சி, மோசமா ஒண்ணும் நினைக்கண்டா. ஒங்க ஸ்நேகத்துல ஒரு குறையும் இல்லா. குட்டிக்கு வேண்டித்தானே? அப்போ, கழக்கூட்டத்துக்கு மாத்தறதுல சம்மதம் உள்ளவங்க கை தூக்கணும்."

கைகள் அசைந்தன. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐனோ எல்லோர் முகத்தையும் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். மறுபடியும் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பெட்டியிலிருந்து மணியை எடுத்து அடித்துவிட்டேன்.

அந்த மலைக்கு அது எவ்வளவு பெரிய சத்தம்! எதிர்ச் சரிவில் போய் மோதித் திரும்பி வந்தது. தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

"சேச்சி! கூட்டம் முடிஞ்சு போச்சே!" என்றார் கோபன் சார்.

"முடியட்டும்" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. "அவளுக்கு ஒரு வாட்டமும் இல்ல சார். வெக்கம். அவ்வளவுதான். எனக்கும் அதேதான். நாப்பது வருஷமா ஒங்க விருந்துக்கு வாறேன், என்னை யாரும் வீடு மாத்தலியே? மைக்கைக் குடுக்காதீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

முதலில் பொருளாளர் சிரித்தார், அது எல்லோருக்கும் பரவியது. கோபன் சார் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஐனோ பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, மெதுவாக இங்கிலீஷில் கேட்டார். அவள் முகம் சிவந்தது. மூன்று நாலு வாக்கியம் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் எனக்குத் திருப்பிச் சொன்னார்: போகவேண்டிய தேதி வரும்போது கழக்கூட்டம் போவாளாம். அதற்கு முன்னால் வேண்டாமாம். அவளுடைய ஊரில் அவள் வீட்டிலும் யாரும் அதிகம் பேச மாட்டார்களாம்.

கோபன் சார் எழுந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு நீளும் போலிருந்தது. இலையில் நான் சோறு வைக்கும்போது போதும் என்பதற்குச் சொல்லும் மலையாள வார்த்தையை ஐனோ சத்தமாகச் சொன்னாள்:

"மதி!"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

இறங்கும்போது மழை பிடித்தது. வித்துராவில் நிற்கவில்லை. பூவம்மா கொடுத்த பலாக்கொட்டைப் பை காலடியில் கிடந்தது. நெடுமங்காடு தாண்டியதும் நகரத்து விளக்குகள் வந்தன. போகும்போது அந்த அறுபது கிலோமீட்டரில் பாதியை நான் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். திரும்பும்போதுதான் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை முதல் எல்லாவற்றையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்தேன். ஐனோ செருப்பைக் கழற்றித் தன் காலைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து என் புடவை ஓரத்தை இரண்டு விரல் அகலம் ஒதுக்கினாள். கணுக்காலில் கருப்பாக ஓர் அட்டை, நன்றாகக் குடித்துப் பருத்திருந்தது. அதை மலையிலிருந்து நான்தான் சுமந்து வந்திருக்கிறேன், தெரியவே இல்லை.

அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். விளக்கைப் போடவில்லை. எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கவும் இல்லை. நேரே அடுப்புக்கு வலப்பக்கம் கீழ்த் தட்டுக்குக் கையை நீட்டி, உப்பு மரவையை எடுத்துக்கொண்டு வந்தாள்.